குடைத் துணியின் சாட்சி

(திருவண்ணாமலையில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களின் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு கிராமத்தில், எண்பதை நெருங்கும் ஓர் அம்மா தன் டிரங்குப் பெட்டியை எனக்காகத் திறந்தார். ஊரில் அது ‘பட்டாளத்தார் வீடு’. பெட்டியில் மூன்று வகைப் பொருள்கள் இருந்தன. ஓரம் எலி கடித்த டிஸ்சார்ஜ் காகிதம் ஒன்று. சிவப்பு நாடா சாயம்போன பதக்கங்கள் இரண்டு. அடியில், நான்காக மடித்த முரட்டுத் துணி ஒன்று, இரண்டு முழம் இருக்கும்.

“எங்கப்பாரு ஏரோப்ளேன்லருந்து குதிச்சவரு தம்பி. இதுதான் அந்தக் குடைத் துணி. பெருசா இருந்துச்சி. மல்லாட்ட காயவச்சே பாதி போயிடிச்சி. பேரன் பள்ளிக்கூடத்துல சொன்னானாம், யாரும் நம்பலையாம். நீ படிச்சவன். பாத்துச் சொல்லு, மெய்தானா?”

அந்த ஒரு கேள்விக்கு விடை தேடிப் போன கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன். அவருடைய தந்தை சப்பர், அதாவது ராணுவப் பொறியாளர் படையின் சிப்பாய். வானிலிருந்து இறங்கிய சப்பர்கள் உண்மையில் இருந்தார்கள். ஆனால் அவர் அவர்களில் ஒருவரா என்பதை எப்படி அறிவது?

முதலில் நம் மண்ணிலிருந்து தொடங்குகிறேன். 1767 செப்டம்பரில், முதல் மைசூர்ப் போரில், ஹைதர் அலியின் படையும் கம்பெனியின் படையும் மோதிய இரண்டு களங்கள் செங்கமும் திருவண்ணாமலையும். நாம் பேருந்தில் அரைத்தூக்கத்தில் கடக்கும் வழி அது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. அதே மாதம் 30ஆம் நாள் ‘மதராஸ் பயனியர்ஸ்’ என்று இரண்டு கம்பெனிகள் உருவாக்கப்பட்டன. வழி திறப்பதும், மண் வெட்டுவதும், ஆற்றைக் கடக்க வழி செய்வதும் அவர்கள் வேலை. அந்தக் கொடியில் வளர்ந்ததே மதராஸ் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இன்று பெங்களூரில் மதராஸ் பொறியாளர் குழு என்ற பெயரில் இருக்கிறது. இந்தப் படையினருக்கு ராணுவம் முழுவதும் வழங்கும் செல்லப்பெயர் ஒன்றுதான்: ‘தம்பி’. அந்த அம்மா என்னைத் தம்பி என்று அழைத்தபோது, எத்தனை வெள்ளைக்கார அதிகாரிகள் அவர் தந்தையை அதே சொல்லால் அழைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

1912இல் இதே படையோடு பெங்களூரில் பணியாற்றிய கேப்டன் மெக்ளின்டாக் என்ற அதிகாரி, நீண்ட குழாய்க்குள் வெடிமருந்தை அடைத்து முள்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கும் ஒரு கருவியை வடிவமைத்தார். உலக ராணுவங்கள் எல்லாம் அதை ‘பெங்களூர் டார்பிடோ’ என்றே அழைக்கின்றன. 1944 ஜூன் 6 விடியலில், பிரான்ஸின் மெர்வில் பீரங்கித் தளத்தின் முள்வேலியைப் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் பிளந்ததும் அதைக் கொண்டுதான். நம் தம்பிகளின் பயிற்சித் திடலில் பிறந்த குழாய் நார்மண்டியில் வானிலிருந்து இறங்கியது.

வான்வழிப் பொறியாளர் என்றால் யார்? ஓர் ஒப்பீட்டால் சொன்னால் சட்டென்று விளங்கும். பாராசூட்டில் குதிக்கும் காலாட்படை வீரன் துப்பாக்கியோடு இறங்குகிறான். அவனோடு குதிக்கும் பொறியாளன் கடப்பாரையும் வெடிப்பொதியும் கொண்டு இறங்குகிறான். பல வேளைகளில் அந்தப் பாய்ச்சல் முழுவதும் இவன் செய்யப்போகும் சில நிமிட வேலைக்காகவே திட்டமிடப்பட்டிருக்கும்.

பிரிட்டன் நடத்திய முதல் பாராசூட் தாக்குதலே பொறியாளர் வேலைதான். 1941 பிப்ரவரி 10 இரவு, தென் இத்தாலியில் டிராஜினோ என்ற ஓடையின் மேல் சென்ற குடிநீர்ப் பாலத்தை உடைக்க ஒரு சிறு படை இறங்கியது. தூண்கள் எதிர்பார்த்ததைவிட உறுதியான கான்கிரீட். கொண்டுவந்த வெடிமருந்தை எல்லாத் தூண்களுக்கும் பங்கிட முடியாது என்று அந்த இருட்டில், அந்த இடத்தில், பொறியாளர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே தூணில் குவித்து வெடித்தார்கள். பாலம் விழுந்தது. ஆனால் நீர்த்தேக்கங்கள் வறளுமுன் இத்தாலியர் சரிசெய்துவிட்டார்கள். வந்தவர்கள் கடற்கரையை எட்டுமுன் பிடிபட்டார்கள்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 27 இரவு, பிரான்ஸின் புருனெவால் குன்றில் இருந்த ஜெர்மானிய ராடாரைக் கழற்றிக்கொண்டு வரும் வேலை. மேஜர் ஃபிராஸ்டின் பாராசூட் வீரர்கள் சுற்றி நின்று சுட, லெப்டினன்ட் வெர்னனின் சப்பர்களும் காக்ஸ் என்ற விமானப்படை ராடார் வல்லுநரும் திருகாணியைத் திருகிக் கழற்றக்கூட நேரமில்லாமல் கடப்பாரையால் நெம்பி எடுத்துக் கடல்வழியே கொண்டுவந்தார்கள்.

எல்லாம் இப்படி முடிந்துவிடவில்லை. 1942 நவம்பர் 19 அன்று, நார்வேயின் வெமோர்க் கனநீர் ஆலையைத் தகர்க்க, இஞ்சின் இல்லாத இரண்டு கிளைடர்களில் 30 சப்பர்கள் ஸ்காட்லாந்திலிருந்து புறப்பட்டார்கள். மோசமான வானிலையில் இரண்டும் நார்வே மலைகளில் விழுந்து நொறுங்கின. இழுத்துச் சென்ற விமானங்களில் ஒன்றும் மோதி அழிந்தது. விழுந்து பிழைத்தவர்களை, கமாண்டோக்களை உயிரோடு விடக்கூடாது என்ற ஹிட்லரின் ஆணைப்படி ஜெர்மானியர் கொன்றார்கள். விபத்திலும் கொலையிலும் மாண்டவர்கள் மொத்தம் 41 பேர். அந்தச் சப்பர்களில் பலர் அடிப்படைத் தொழிலில் தச்சர், கொல்லர், குழாய்ப் பணியாளர் போன்றவர்கள். கைத்தொழில் தெரிந்தவர்களைத் தேடித்தான் பொறியாளர் படை ஆள் எடுத்தது. இதை மனத்தில் வையுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

மெர்வில் தாக்குதல் நடந்த அதே இரவில், நார்மண்டியில் வான்வழிச் சப்பர்களுக்கு இரண்டு எதிரெதிர் வேலைகள். பெனூவில் பாலத்தை அப்படியே கைப்பற்ற வேண்டும். கிளைடரில் இறங்கிய சப்பர்கள் பாலத்தின் அடியில் தொங்கிக்கொண்டு ஜெர்மானியர் வைத்திருக்கும் வெடிகளைத் தேடினார்கள். சில மைல் கிழக்கே, டீவ் ஆற்றுப் பகுதியில் இருந்த பாலங்களையோ தகர்த்தே ஆக வேண்டும். அந்த வேலைக்கு வந்த சப்பர் அதிகாரி மேஜர் ரோஸ்வேர் தவறான இடத்தில் இறங்கிவிட்டார். மருத்துவப் பிரிவின் ஜீப் ஒன்றை வாங்கி, வெடிமருந்தை இழுவண்டியில் ஏற்றி, எதிரிகள் இருந்த ட்ரோவான் ஊரின் நடுத்தெரு வழியே சுட்டுக்கொண்டே ஓட்டிப்போய்ப் பாலத்தைத் தகர்த்தார்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1941 அக்டோபரில் டெல்லியில் 50ஆவது இந்தியப் பாராசூட் படையணி உருவானது. ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவு, ஓர் இந்தியப் படைப்பிரிவு, ஒரு கூர்க்கா படைப்பிரிவு. அவற்றோடு 411 என்ற எண் கொண்ட பாராசூட் பொறியாளர் பிரிவு. இந்தியச் சிப்பாய்கள் பாராசூட்டில் குதிப்பார்களா என்ற ஐயம் மேலிடத்தில் இருந்த காலம் அது. 1941 அக்டோபர் 15 அன்று கராச்சியில் முதன்முதல் குதித்த இந்தியர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் ஒரு மருத்துவர், லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த ‘ஏ’ என்பது ஆற்காடு! ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். திருவண்ணாமலை 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தானே இருந்தது? பின்னாளில் கொரியப் போரில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவை வழிநடத்தி மகாவீர் சக்ரா பெற்றவர் அவர். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் முன்பே தெரியும்? கைகளை எண்ண எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதுவே என் வருத்தம்.

அந்தப் பாராசூட் படையணியின் பெரும்போர் 1944 மார்ச்சில், மணிப்பூர் மலையில், சாங்ஷக் என்ற நாகர் கிராமத்தில் நடந்தது. அங்கே அவர்கள் பாராசூட்டில் குதிக்கவில்லை. தரைவழியே போய்த் தரையில் நின்று போரிட்டார்கள். மூன்று அடி தோண்டினால் பாறை. முள்கம்பி இல்லை. குடிக்கத் தண்ணீர் போதவில்லை. விமானங்கள் போட்ட பொருள்களில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கம் விழுந்தது. ஆயினும் அவர்கள் பிடித்துவைத்த அந்தச் சில நாள்கள் இம்பாலையும் கோஹிமாவையும் ஆயத்தப்படுத்த உதவின. பிறகு 1945 மே 1 அன்று, ரங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் எலிஃபென்ட் பாயின்ட் என்ற இடத்தில் கூர்க்கா பாராசூட் படை உண்மையாகவே வானிலிருந்து குதித்தது. பொறியாளர்களும் உடன் குதித்தார்கள்.

ஒரு பாடம் இதில் இருக்கிறது. ‘பாராசூட் படை’ என்று பெயர் இருந்தாலே எல்லாப் போரிலும் குதித்தார்கள் என்று பொருளாகாது. ‘பிளேனில் போனார்’ என்று வீட்டில் சொன்னால், அது குதித்ததாக இருக்கலாம். கிளைடரில் இறங்கியதாக இருக்கலாம். ஓடுபாதையில் இறங்கி நடந்து போனதாகவும் இருக்கலாம். ஆராய்ச்சியின் முதல் வேலை, அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது.

இப்போது பெட்டிக்குத் திரும்புவோம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியச் சிப்பாய்களின் பதக்கங்களில் பொறித்தார்கள். பெட்டியில் இருந்த வட்டப் பதக்கத்தின் பின்புறம், இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம். விளிம்பைத் துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினேன். ஓர் எண், ‘எஸ்.பி.ஆர்.’, ஒரே ஒரு பெயர், ‘ஐ.இ.’. சப்பர் இன்னார், இந்தியப் பொறியாளர் படை. மற்றது ஆறு முனை கொண்ட பர்மா ஸ்டார். ஆக, ஆள் சப்பர், களம் பர்மா. இது உறுதி.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் பிரிவின் பெயர் இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. ஆனால் தொழில் என்ற கட்டம் மிஞ்சியிருந்தது: தச்சர். பொறியாளர் படை தேடி எடுத்ததாக முன்பு சொன்ன கைத்தொழில்களில் ஒன்று. தாலுகா, மாவட்டம் என்ற இடங்களில் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்.

மீதி இருந்தது துணி. முதலில் பார்த்தபோது, சாக்கு என்றே நினைத்தேன். அவர் மனம் நோகுமே என்று வாய் திறக்கவில்லை. ஆனால் சாக்கின் ஓரத்தில் கயிறு கோக்க மடித்துத் தைத்த தையல் ஏன் வேண்டும்? விளிம்பு ஏன் சாய்வாக வெட்டப்பட்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மாதக்கணக்கில் சுமந்தேன். விடை கிடைத்தது, பதினான்காவது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட நினைவு நூலில்.

1944இல் பர்மாப் போர்முனைக்கு உணவும் குண்டும் விமானத்தில்தான் போக வேண்டியிருந்தது. அதற்குப் பாராசூட் ஆயிரக்கணக்கில் வேண்டும். பட்டுப் பாராசூட் பற்றாக்குறை. ஐரோப்பியப் போர்முனைக்குப் போனது போக மிச்சம்தான் பர்மாவுக்கு. ஸ்லிமின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களிடம் போனார்கள். சணலிலேயே பாராசூட் நெய்து தைத்தார்கள். அதற்கு ‘பாராஜூட்’ என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான பாராசூட்டுக்கு ஆகும் விலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் ஆனது. பொருள்களை இறக்க மட்டுமே அது. மனிதர் யாரும் அதில் குதித்ததில்லை.

அந்த அம்மாவின் துணி சணல்.

அப்படியானால் அவர் தந்தை அந்தத் துணியோடு குதிக்கவில்லை. அந்தத் துணி வந்து விழுந்த இடத்தில் நின்றிருந்தார். எங்கே நின்றிருப்பார்? சப்பர் நிற்கும் இடத்தில்: காட்டை வெட்டிச் சமனாக்கிய திடலில், ஓடுபாதையின் ஓரத்தில், மழையில் கரையும் சாலையில். பதினான்காவது படையின் தலைமைப் பொறியாளர் ஹாஸ்டெட் அங்கே இன்னொரு சணல் வித்தை செய்தார். சணல் துணியைத் தாரில் தோய்த்து, சமன் செய்த மண்ணின் மேல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு விரித்தார்கள். ஓட்டுக் கூரை வேய்வது போல. ‘பிட்ஹெஸ்’ என்பார்கள். மழை நீர் மண்ணுக்குள் இறங்காது. லாரி ஓடும், விமானம் இறங்கும். 1944 டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின் மேல் கலேவாவில் மிதவைகளின் மீது 1,154 அடி நீளத்துக்கு, துண்டு துண்டாகப் பூட்டிக் கட்டும் பெய்லி பாலம் எழுந்தது. அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அது. வானிலிருந்து இறங்கும் படைக்கு ஈடாக, வானிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளத் தரையை ஆயத்தம் செய்த ஒரு படை இருந்தது. அதில் தச்சர்களும் கொத்தனார்களும் மண் வெட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி நான் ஒரு திரைப்படமும் பார்த்ததில்லை.

இவ்வளவு தேடியபின், இதே வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு நான் கற்றதைச் சொல்ல வேண்டும்.

எண்ணை முதலில் எழுதுங்கள். நம் சிப்பாய்கள் பலருக்கு ஒரே பெயர்தான்: முனுசாமி, குப்புசாமி, கோவிந்தன். ஒரே படையில் ஒரே பெயரில் பலர் இருந்திருப்பார்கள். எண் ஒருவருக்கே உரியது.

ஊர்ப் பெயரைப் பழைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். திருவண்ணாமலை பழைய ஆங்கிலக் காகிதங்களில் ‘ட்ரினோமலி’. செங்கம் ‘சங்காமா’. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மாவட்டம் வட ஆற்காடு.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைப் பாருங்கள். எண், பதவி, படை, பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். சென்னை நந்தம்பாக்கத்தில் கல்லறைகள் உண்டு. எரியூட்டப்பட்டவர்களுக்கு இம்பாலில் நினைவிடம் உண்டு. உடல் கிடைக்காதவர்கள் பர்மாவில் தவுக்யானில் உள்ள நினைவுத் தூண்களில் பெயராக நிற்கிறார்கள். ஏறத்தாழ 27,000 பெயர்கள். உயிரோடு திரும்பியவர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு, அவர்கள் இருந்த படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைத் தேட வேண்டும். ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் எழுதியது அது. லண்டனில் கியூ ஆவணக்காப்பகத்திலும் டெல்லியிலும் இருக்கிறது. அதில் அதிகாரியின் பெயர் இருக்கும். சப்பர் ‘மூவர் காயம்’ என்ற எண்ணிக்கையாக இருப்பார்.

பெயரோடு பதிவானவர்கள் மிகச் சிலர். காஞ்சிபுரத்தை அடுத்த கீழோட்டிவாக்கத்துச் சுபேதார் சுப்ரமணியன் அவர்களில் ஒருவர். மதராஸ் சப்பர்ஸ் படை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி அகற்றும் வேலையில் பின்னால் வந்த ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகள். சுப்ரமணியன் திரும்பிப் பாய்ந்து கண்ணியைத் தன் உடலால் மூடினார். சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் போனார். இறப்புக்குப்பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. விருதுக்கான பரிந்துரையை ஓர் அதிகாரி எழுதியதால் நமக்குத் தெரிகிறது. எழுதப்படாதவர்களை யார் எழுதுவது?

எழுதும் வழியைப் பெய்லி பாலமே காட்டுகிறது. அதை வழக்கமாக இரு கரையிலிருந்தும் கட்ட மாட்டார்கள்.  நம் கரையிலேயே உருளைகளின் மேல் பூட்டிப் பூட்டி, பின்னால் கனம் வைத்து, முன்னால் எடை குறைந்த மூக்கைப் பொருத்தித் தள்ளிக்கொண்டே போவார்கள். மூக்கு அக்கரையைத் தொடும். நம் வேலையும் அப்படித்தான். லண்டன் கோப்பு அக்கரை. டிரங்குப் பெட்டியும், பதக்க விளிம்பும், ஒரு மகளின் நினைவும் நம் கரை. இங்கே கனம் இல்லாவிட்டால் அங்கே போய்ச் சேராது. அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் தெருவில் ஒரு பட்டாளத்தார் வீடு இருந்தால் இந்த வாரமே போங்கள். பொருள்களைக் கேட்டு வாங்காதீர்கள். வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, அந்த இடத்திலேயே திருப்பி வையுங்கள். பெண்களிடம் கேளுங்கள். ஆண்கள் போரைச் சொல்வார்கள். மல்லாட்டை காயவைத்த துணியைப் பெண்கள்தான் சொல்வார்கள்.

கடைசியாக, அந்த அம்மாவிடம் போய் விடையைச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“குதிக்கலியா?”

“குதிக்கலம்மா. மேலருந்து வந்ததெல்லாம் இறங்கறதுக்கு எடம் பண்ணிக் குடுத்தவங்க கூட இருந்திருக்காரு. அந்தத் துணி அங்க விழுந்தது.”

சிறிது நேரம் பேசாமல் துணியின் தையலைத் தடவினார். பிறகு சொன்னார்: “எங்கப்பாரு சும்மா இருந்து நான் பாத்ததில்ல தம்பி. சாவற வரைக்கும் ஏதாவது ஒரு வாசக்காலு செதுக்கிட்டே இருப்பாரு.”

பேரனை அழைத்து ஒரு நோட்டு கொண்டுவரச் சொன்னார். “அவரு பேரையும் அந்த நம்பரையும் எழுதிக் குடு. இவன் பள்ளிக்கூடத்துல காட்டட்டும்.”

எழுதிக் கொடுத்தேன். பெயருக்குக் கீழே ‘சப்பர், தச்சர், வட ஆற்காடு’ என்றும் சேர்த்தேன். பையன் ஒருமுறை உரக்கப் படித்தான். அந்தப் பெயரை அந்த எண்ணோடு சேர்த்து அந்த வீட்டில் படித்தது அதுவே முதல் முறை.